சரியான விடைக்குக் கைதட்டல்

அணுகுண்டு வரலாற்றைச் சொல்லும் அந்தப் பழைய மென்பொருளில், ஊர்ப் பெயருக்கு நேரே செத்தவர் எண்ணிக்கையைச் சரியாக அடித்தால் கைதட்டல் கேட்கும். பிள்ளைகளுக்குக் காட்டுமுன் ஓட்டிப் பார்த்த விவியன் டீச்சர், உடன் வேலை பார்க்கும் சேது சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஊர்களின் வரிசையில் கடைசியாக, பள்ளி இருக்கும் மால்டன் தோட்டம். விடை அறுபத்து மூன்று.

"ஸ்கூல்ல நம்மளையும் சேத்து அறுபத்து மூணு பேருதானே," என்றார் சேது சார். "எவனோ கிறுக்கன் வேலை லா. அழிச்சிடுங்க, டீச்சர்."

மறுநாள் காலை பக்கத்து ஊரான கலும்பாங்கிலிருந்து ஒரு சிறுமி பள்ளியில் புதிதாகச் சேர்ந்தாள்.

அழிக்க உட்கார்ந்த விவியன், மனம் கேட்காமல் அறுபத்து மூன்று என்று அடித்தாள். தவறு என்றது. அறுபத்து நான்கு என்று அடித்துவிட்டு, விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சின்னச் சின்னக் கைகள் தட்டிக்கொண்டே இருந்தன.