தலைகீழ்க் குடம்

“ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளு பவுனு, ஆனா இப்ப வேணாம். இந்த மெஷின்ல ஒரு சாண் நீளத்துக்குப் பொறி வரட்டும். அன்னிக்கு நீ எதைக் கேட்டாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்.”

“சத்தியமா?”

“காவேரி மேல சத்தியம். போதுமா?”

தை மாதத்தில், வாயில் கம்பித் துண்டைக் கடித்தபடி விளையாட்டாகச் சொன்ன இந்த வார்த்தைதான் ஆடி பிறந்ததும் ரத்தினவேலைப் பாடாய்ப் படுத்தியது.

திருச்சியில் ஒரு கல்லூரியின் பௌதிக லேபில் அவனுக்கு உதவியாளர் வேலை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்த வீட்டின் பின்னறையில் ஒரு மின்னல் மெஷினைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தான். சினிமா தியேட்டரில் கழித்துப் போட்ட நியான் போர்டு டிரான்ஸ்பார்மர், உப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள், தரையோடு பத்துச் சுற்றாக வளைத்த செம்புக் குழாய், அதன் நடுவே நிமிர்ந்து நிற்கும் அட்டைக் குழாய். அந்த அட்டைக் குழாயில் மெல்லிய கம்பியை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஆயிரத்து நூறு சுற்று சுற்றியது அவன் மனைவி பவுனம்மாள்தான்.

உச்சியில் உலோகத்தில் உருண்டையாக ஏதாவது வேண்டியிருந்தது. பவுனம்மாளின் கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டான். அதில் வெட்டியிருந்த ‘முசிறி அடைக்கலம்’ என்ற பெயர் தலைகீழாக நின்றது.

“எங்க அப்பாவையே தலைகீழா நிக்க வெச்சுட்டீங்களே!” என்று சிரித்தவள், குடத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அந்த ‘ஒண்ணு கேக்கணும்.’

குடத்தைத்தான் கேட்கப் போகிறாள். அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. குடம் போனால் மெஷினும் போச்சு. சொம்பை வைத்துப் பார்த்தான், தவலையை வைத்துப் பார்த்தான். எதற்கும் அது மசியவில்லை.

செம்புக் குழாயில் ஒயரின் பல் கிளிப்பை எந்தச் சுற்றில் கடிக்கவிட்டால் செம்புச் சுருளும் கம்பிச் சுருளும் சுருதி சேரும் என்பதில்தான் எல்லாம் இருந்தது. வைகாசியில் அவள் முசிறிக்குப் போயிருந்தபோது, ஏழாவது சுற்றில் சேர்ந்தது. முழ நீளத்துக்குப் பொறி சடாரென்று பாய்ந்தது! கைதட்டிக் குதித்தவனுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. கிளிப்பைச் சத்தமில்லாமல் ஐந்துக்கே நகர்த்திவிட்டான்.

ஊரிலிருந்து வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே, “சுருதி சேந்துச்சா?”

“எங்க? இப்பத்தான் அஞ்சாவது சுத்துக்கே வந்திருக்கேன்.”

அவள் பையிலிருந்து முடிச்சுப் போட்ட சணல் கயிறு ஒன்றை எடுத்துக் குடத்தின் வயிற்றைச் சுற்றிப் பிடித்தாள். ஒரு சுற்று சுற்றியும் முடிச்சுக்கு முன்னால் நிறைய மிச்சம் தொங்கியது.

“நசுங்கியிருக்கான்னு பாக்குறியா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று கயிற்றைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள்.

ஆடியில் முசிறியிலிருந்து கடிதம் வந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு மாமியார் காவேரியில் முழுக்குப் போட வருகிறார். வருகிறவர் முதலில் தேடுவது சீர்க் குடத்தைத்தானே?

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைக் கம்பளியால் மூடி, மெஷினைப் போட்டான். குடத்தின் விளிம்பில் ஊதா நிறத்தில் நாலு விரற்கடைப் பொறி மட்டும் சீறியது.

“ஏம்ப்பா ரத்தினவேலு!” என்று பக்கத்து வீட்டு அழகர்சாமி கத்தினார். “என் ரேடியோவுல கச்சேரி நடக்குதா, கடுகு தாளிக்கிறாங்களா?”

மெஷினை நிறுத்தினான். “இன்னிக்கும் சேரல பவுனு” என்று பழகிப்போன பெருமூச்சை விட்டான்.

பவுனம்மாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழாய் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“ஏங்க, கிளிப்பு இன்னும் அஞ்சாவது சுத்தைத் தாண்டலைதானே?”

“தாண்டல.”

“அப்ப ஏழாவது சுத்துல பல்லுத் தடம் எப்படி வந்துச்சு?”

தினமும் பாத்திரம் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவள் கண்ணுக்குச் செம்பில் விழுந்த கீறல் தப்புமா?

“எலி... எலியா இருக்கும்.”

“செம்பு திங்கிற எலியா? நல்லவேளை, அரிசிப் பானைப் பக்கம் வரல.”

கிளிப்பை ஏழாவது சுற்றில் மாட்டினாள். ஒரு டியூப் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். “இப்பப் போடுங்க.”

வேறு வழியில்லை. போட்டான்.

சடசடவென்று முழ நீளப் பொறி குடத்திலிருந்து எதிரே நட்டிருந்த கம்பிக்குத் தாவியது. பவுனம்மாளின் கையிலிருந்த டியூப் லைட், கம்பியே இல்லாமல் பளீரென்று எரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரே ஒரு “ஐயோ!” கேட்டது.

எரிகிற விளக்கைப் பிடித்தபடி அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும், இவளிடமா ரெண்டு மாசம் மறைத்தோம் என்று ரத்தினவேலுக்கு வெட்கமாகிவிட்டது. மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கினான்.

“எடுத்துக்க பவுனு. கேக்காமலே தர்றேன். சத்தியம் சத்தியந்தான்.”

“ஐயோ, வைங்க அதை! குடத்தை யாரு கேட்டா? தையிலயே ஒண்ணு கேக்க வந்தேன், கேக்க விட்டீங்களா?”

அலமாரியிலிருந்து அந்த முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“முடிச்சு வரைக்கும் எங்க வீட்டு அண்டாவோட சுத்தளவு. குடத்துக்கே முழ நீளப் பொறின்னா... அம்மா வர்றப்ப அதையும் எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?”