பாதித் தட்டு

"புருஷன் கறி தின்னு மிச்சம் வெச்சதைத்தான் நீ தின்னணுமா? நல்லா இருக்குடி உங்க குடித்தனம்!"

எதிர்வீட்டு அக்கா தையல்காரியைப் படிக்கட்டிலேயே மடக்கிவிட்டாள். அக்கா சொன்னதில் பொய் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், அவள் கணவன் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக அறிவித்தான்.

"இனிமே எனக்குச் சோறு கிடையாது, ரொட்டி கிடையாது. கறியும் முட்டையும்தான். வாரத்துல ரெண்டு நாள் ஈரல்."

"யாருங்க சொன்னது?"

"போன்ல ஒருத்தன் சொல்றான். மூட்டுவலில படுத்துக் கிடந்தவனாம். கறியை மட்டும் தின்னுட்டு இப்போ குட்டிக்கரணம் போடுறானாம்."

"நீங்க எதுக்குங்க குட்டிக்கரணம் போடணும்?"

"பேசாம வறுத்து வை."

சோற்றில் கிணறு வெட்டிக் குழம்பு ஊற்றுகிற மனிதன். அன்றிலிருந்து ஒரு பருக்கை தொடவில்லை. அதுதான் போகட்டும் என்றால், ஆசையாக வாங்கி வந்த கறியையாவது ஒழுங்காகத் தின்றானா? நாலு துண்டு. அதற்குள் தட்டு நகர்ந்துவிடும்.

"உப்புக் கம்மி."

மறுநாள், "வேகவே இல்லை."

அதற்கு மறுநாள், "வாடை அடிக்குது."

"அப்போ நாளைக்கு வாங்காதீங்க."

"வாங்கித்தான் ஆகணும். டயட்டு!"

பாதித் தட்டு அப்படியே கிடக்கும். கீழே கொட்ட அவளுக்குக் கை வராது. தின்று தொலைத்தாள்.

"படியில மயங்கி விழுந்தியே, அப்பவாச்சும் உனக்குன்னு ஒரு துண்டு வாங்கிட்டு வந்தானா?" அக்கா விடுகிற மாதிரி இல்லை. "எல்லாம் அவன் வாய்க்கு. அதுலயும் நொட்டை. நீயா இருக்கப் போய் சும்மா இருக்கே."

"அது கிடக்கட்டும்க்கா. எனக்கு வேற பயம்."

பயம் அவன் இடுப்பில் இருந்தது. முப்பத்தாறு அங்குலம் முப்பத்துநாலு ஆனது. இன்று காலை டேப்பு வைத்தால் முப்பத்திரண்டு! பேன்ட்டை இரண்டு தடவை பிடித்தாகிவிட்டது. இன்னொரு தடவை பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

கன்னம் ஒட்டிவிட்டது. தொட்டதற்கெல்லாம் கோபம். சாப்பிடும்போது அவள் சோற்றுத் தட்டையே வெறித்துப் பார்க்கிறான். கேட்டால், "சும்மாதான்" என்கிறான்.

ஆள் பார்க்கிற வேலையோ லிஃப்ட் மெக்கானிக். ஏழாவது மாடி உயரத்தில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு திருகு முடுக்குகிறவன். அங்கே ஒரு நொடி கண் இருட்டினால்?

வீட்டுக்குள் வந்து மெஷினில் உட்கார்ந்தும் அதே நினைப்புதான். தைத்துக்கொண்டிருந்த சட்டையில் ஒரு கை பாக்கி இருக்க, அப்படியே போட்டுவிட்டு, வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே லிஃப்ட் ஓடவில்லை. டாக்டர் அறையோ மூன்றாவது மாடி. "ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றாரு, இதைப் பண்ண ஆள் இல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

மேலே போனதும் நர்ஸம்மாவைப் பிடித்துக்கொண்டாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஒட்டின கன்னம், முப்பத்திரண்டு இடுப்பு, போனில் குட்டிக்கரணம் போடுகிறவன், ஒன்றையும் விடவில்லை.

"அவருக்கு ஏதோ பெரிய வியாதிங்க. எங்கிட்ட மறைக்கிறாரு. நீங்கதான் கூப்பிட்டு டெஸ்ட் எடுக்கணும்."

நர்ஸம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்படி வந்தீங்க?"

"படியிலதான்."

"நடுவுல எங்கேயும் உக்காரலையா?"

"எதுக்கு உக்காரணும்? நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?"

"விழுது, விழுது. விரலை நீட்டுங்க."

"எனக்கு எதுக்குங்க? வியாதி அவருக்கு!"

"நீட்டுங்கம்மா."

சுருக்கென்று ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். சின்ன மெஷினில் எண் வந்தது. நர்ஸம்மா பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"மயங்கி விழுந்தப்போ உங்க ரத்தம் எட்டு இருந்துச்சு. மாத்திரை வயித்துக்கு ஒத்துக்கலைன்னு நிறுத்திட்டீங்க. இப்போ பதினொண்ணரை. அன்னைக்கு முதல் மாடி ஏறவே ரெண்டு தடவ உக்காந்தீங்க. இன்னைக்கு மூணு மாடி ஏறி வந்து என்னோட சண்டை போடுறீங்க."

தையல்காரி விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கறியும் முட்டையும், வாரத்துல ரெண்டு நாள் ஈரலும் குடுக்கச் சொல்லி டாக்டர் எழுதினது உங்களுக்கும்மா. சீட்டை வாங்கிட்டுப் போனதுதான் உங்க வீட்டுக்காரர்."

"அப்போ அவருக்கு..."

"ஒரு வியாதியும் இல்லை. பசி. போன வாரம்கூட வந்தாரு. 'இன்னும் எத்தனை நாள் நர்ஸம்மா? ராத்திரி கனவுல சோறு வருது'ன்னு கேட்டுட்டுப் போனாரு."

அவளுக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

"எங்கிட்ட நேரா, 'இது உனக்கு, தின்னு'ன்னு சொல்லித் தொலைஞ்சிருக்கலாமே!"

"நானும் அதையேதான் கேட்டேன்" என்றாள் நர்ஸம்மா. "அதுக்கு அவர் சொன்னாரு: 'அவளுக்குன்னு வாங்கினா அது என் தட்டுக்கு வந்துடும். என் தட்டுல மிச்சம் வெச்சாத்தான் அவ வயித்துக்குப் போகும்.'"