சிவப்பா, நீலமா?

"சிவப்பு எது, நீலம் எது? இப்பவே சொல்லுங்க டாக்டர்."

காது பரிசோதனை செய்கிற அக்கா மவுஸைப் பிடித்த கையோடு டாக்டரைப் பார்த்தாள். இந்த ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் கேட்கவே கூடாத ஒரே கேள்வி அது. முதல் நாளே சொல்லித்தான் உட்கார வைப்பார்கள்.

"நீயே இப்படிக் கேட்டா எப்படிம்மா?" என்றார் டாக்டர். "ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. எது எதுன்னு தெரிஞ்சா உன் காது முடிவு பண்ணாது, மனசுதான் முடிவு பண்ணும். அதனாலதான் இந்த அக்காகிட்டகூட நான் சொல்லல."

"பிறந்ததிலேருந்து எல்லாரும் என்னைக் கேக்காதே, கேக்காதேன்னுதான் சொல்றாங்க. காது கேக்காதவகிட்ட பேசற பேச்சா இது?"

அக்கா சிரித்துவிட்டாள்.

கேள்வி கேட்டவளுடைய உள்காதுக்குள் சின்ன வயதிலேயே ஒரு மெல்லிய கம்பியை வைத்து மூடியிருந்தார்கள். அது நரம்பைத் தட்டினால்தான் அவளுக்குச் சத்தம். எந்தச் சத்தத்துக்கு எப்படித் தட்டுவது என்று அதற்குச் சொல்வது காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கருவி. போன மாதம் அந்தக் கருவியில் சிவப்பு என்றொரு புரோகிராம் போட்டார்கள். இந்த மாதம் நீலம். இரண்டில் ஒன்றை இன்று அவள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதோடு புதிய புரோகிராம் வெளியே போகுமா, பரணுக்குப் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

"முதல்ல உனக்கு எது வேணும்னு சொல்லு. கடைசி ஆளு நீதான். நீ சொல்லிட்டா ரகசியமும் முடிஞ்சது. அப்புறம் நானே சொல்றேன்."

"சத்தியமா?"

"உன் வாய்க்குப் பயந்தாவது சொல்லிடுவேன்."

"அப்ப நீலம்."

"கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிக்க என்ன இருக்கு? சிவப்பு சுத்த தண்டம்."

"மெதுவாடி!" என்றாள் அக்கா. "எது யாரோடதுன்னு தெரியாம வாயை விடாதே. சிவப்புல நீ ஒரு வார்த்தைகூட தப்பா சொல்லலை. நான்தானே டெஸ்ட் எடுத்தேன்?"

"இந்த அறையில யாரு குடும்பம் நடத்தறா அக்கா? நாலு சுவத்துலயும் பஞ்சை அடைச்சு வச்சிருக்கீங்க. எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. எங்கப்பா லாரியில மூட்டை ஏத்தறவரு. வேலை முடிஞ்சு வந்து உட்கார்ந்தா ஊர்க்கதை எல்லாம் அளப்பாரு. சிவப்புல ஒவ்வொரு வார்த்தையும் மணி மணியா கேட்டுச்சு, இல்லேங்கல. கதை முடிஞ்சதும் பார்த்தா, எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டு சத்தமே இல்லாம உட்கார்ந்திருக்காங்க. என்னடா, குடும்பமே கொட்டாவி விடுதேன்னு நினைச்சேன். சிரிச்சிருக்காங்க!"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிரிப்பு கேக்கலையா?"

"துளிகூட இல்ல. இரைச்சலைக் குறைக்கிற வேலையை ரெண்டு புரோகிராமும்தான் செய்யுது. இந்தப் பாவி சிவப்பு, சிரிப்பையும் இரைச்சல்னு நினைச்சு விழுங்கிடுச்சு. ஃபேன் சத்தமும் எங்கப்பா சிரிப்பும் அதுக்கு ஒண்ணு! எழுதின ஆளு கதவைச் சாத்திக்கிட்டு, ஒருத்தர் மூஞ்சியையும் பார்க்காம எழுதியிருக்கணும்."

டாக்டருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தார்.

"நீலத்துல?" என்று கேட்டாள் அக்கா.

"பேச்சு கொஞ்சம் கொரகொரன்னுதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். முதல் நாளே எங்கப்பா சிரிச்சாரு பாருங்க, ஸ்டார்ட் ஆகாத மோட்டார் மாதிரி இழுத்து இழுத்து. அதைக் கேட்டு நான் சிரிக்க, என்னைப் பார்த்து அவர் சிரிக்க, ரெண்டுக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. எங்க குடும்பத்துலயே முதல் பட்டம் நான் வாங்கினது. அன்னைக்குக்கூட வீடு இவ்வளவு குஷியா இல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"நீலம் பழசும்மா. சிவப்புதான் புதுசு."

அவள் காதுக்குப் பின்னால் இருந்த கருவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மத்தவங்க பாதிக்குப் பாதி சொல்லியிருந்தாங்க. உன் ஒரு ஓட்டுல புதுசு கவுந்துடுச்சு."

அக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, உதடு நன்றாகத் தெரியும்படி மெல்லப் பேசினாள். "இன்னும் நான் கம்ப்யூட்டர்ல ஏத்தலை. மாத்திச் சொல்லிடு. மூணு வருஷ உழைப்புடி அது. நீ முன்னாடி சொன்னதை நாங்க காதுல வாங்கிக்கலைன்னு வச்சுக்கலாம்."

"அப்படியெல்லாம் செய்யக் கூடாது" என்றார் டாக்டர், ஜன்னலைப் பார்த்தபடி. குரலில் அவ்வளவாகக் கண்டிப்பு இல்லை.

"நீலம்னே ஏத்துங்க அக்கா."

"பிடிவாதம் பிடிக்காதே."

"பிடிவாதம் இல்ல. நாளைக்கு ஒரு பச்சைக் குழந்தை காதுல இதை மாட்டுவீங்க. பெத்தவ சிரிக்கிறதைப் பார்த்து அது கொட்டாவின்னு நினைக்கவா? அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

அக்கா பெருமூச்சு விட்டு, நீலம் என்று தட்டினாள். தேர்ந்தெடுத்தவள் குனிந்து, திரையில் அது ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தோளில் போட்டாள். முகத்தில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"டீ சொல்லியிருக்கேன். குடிச்சிட்டுப் போயேன். அப்படி என்ன தலை போற அவசரம்?"

"மாடியில என் சீட்டுக்குப் போகணும் அக்கா" என்றாள் அவள், கதவைத் திறந்துகொண்டே. "சிவப்பை முதல் வரியிலேருந்து திரும்ப எழுதணும். அதை எழுதின முட்டாளே நான்தானே!"