வெறும் நெற்றி

கேமராவுக்கு முன்னால் போய் நிற்கச் சொல்லி ருக்குமணி அக்காவைத்தான் கேட்டேன்.

சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்களில் யாரையாவது அனுப்பியிருக்கலாம். கல்லாவில் நூர்ஜான் அக்கா சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் எனக்கு முதலாளியின் மனைவிதான் வேண்டும்.

அன்று அவர் அரக்குச் சிவப்பில் பட்டு கட்டியிருந்தார். நெற்றியில் ஐம்பது காசு அகலத்துக்குக் குங்குமம்.

"நானா? மேல ஒரே இருட்டு லா," என்றார்.

"இருட்டுல எப்படித் தெரியுதுன்னு பார்க்கத்தானே வந்திருக்கேன் அக்கா."

படம் எடுக்கப் போகிறார்கள் என்றதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு படியேறினார்.

மேல்மாடிதான் அவர்களுடைய பட்டுக் கிடங்கு. வெயில் பட்டால் சேலை வெளுத்துவிடும் என்று சன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். பட்டப்பகலிலும் அங்கே கையால் தடவித் தடவித்தான் நடக்க வேண்டும். அந்த இருட்டில்தான் சென்ற மாதம் சேலைகள் காணாமல் போயின.

கேமரா ஒருத்தியைப் பிடித்திருந்தது. முகம் கலங்கிப் போயிருந்தது. வெள்ளைச் சேலையும் பொட்டில்லாத நெற்றியும் மட்டும் தெரிந்தன.

கடையில் வேலை செய்தவர்களில் அப்படி இருந்தது ஒருத்திதான். என் அம்மா, மீனாட்சி.

"அவதான்" என்று முதலில் சொன்னவர் ருக்குமணி அக்கா. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க அம்மாவின் பையைக் கொட்டச் சொன்னவரும் அவர்தான். சாப்பாட்டுப் பாத்திரமும் ஒரு கைக்குட்டையும் விழுந்தன. அதன்பிறகு அம்மா டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கதவைத் தாண்டவில்லை, கோயிலுக்குக்கூட. வெள்ளிக்கிழமைக்குள் சேலைகள் திரும்பி வராவிட்டால் கேமரா டேப் பாலாய்க்கு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

இந்தக் கடையில் என்னை யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி செபராங் ஜெயாவுக்குப் போனவள், அங்கே கேமரா விற்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். இருட்டிலும் முகம் தெளிவாகத் தெரியும்படி நல்ல கேமரா வேண்டும் என்று முதலாளி நல்லமுத்து அண்ணன் போன் செய்தபோது, நானே போகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

பழைய கேமரா எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்த்தால்தான் புதியதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று அவரிடம் சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பழைய டேப்பை வெளியே எடுத்து, புது டேப்பைப் போட்டுப் பதிவுப் பொத்தானை அமுக்கினேன். கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த டிவியில் கிடங்கு தெரிந்தது.

"நிக்கிறேன். தெரியுதா?" என்று மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

தெரிந்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி. பொட்டில்லாத நெற்றி. முகம் கலங்கிப் போயிருந்தது.

சேலை மடிக்கும் கைகள் நின்றுவிட்டன.

"மேல வேற யாரு இருக்கா?" என்றார் நல்லமுத்து அண்ணன்.

"அக்கா மட்டும்தான் அண்ணே."

கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு உண்டு. அது எரிவது நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கு மட்டும்தான் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம்தானே, சிவப்பு கறுத்துத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அந்த விளக்கில் சிவப்பு வெளுத்துப் போகும். சாயப் பட்டு வெள்ளைச் சேலையாகிவிடும், குங்குமம் தோலோடு தோலாகிவிடும். எங்கள் கம்பெனியில் முதல்முறை அதன் முன்னால் நின்றபோது என் பொட்டும் அப்படித்தான் காணாமல் போனது. அன்று எல்லோரும் சிரித்தோம். டேப்பில் என்ன இருந்தது என்று அம்மா அழுதுகொண்டே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேலைகளை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

அண்ணனுக்கு இவ்வளவையும் நான் விளக்கவில்லை. "சிவப்பு இதுல தெரியாது அண்ணே," என்று மட்டும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தபடி மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். தான் உயிரோடு இருக்கும்போதே மனைவியை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டார். தன் சாவுச் செய்தியைத் தானே கேட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"நிப்பாட்டு," என்றார்.

நான் நிறுத்தவில்லை. "போதும் அக்கா, எறங்கி வாங்க," என்று மேலே குரல் கொடுத்துவிட்டு, டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன்.

சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே ருக்குமணி அக்கா இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்று டிவியைப் பார்த்தார்.

"இதையே ஏன் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? எத்தனை தடவ பார்த்தாலும் அவதான் லா. நிக்கிற நிப்பே சொல்லுதே, திருட்டு முண்டச்சி."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

நூர்ஜான் அக்காதான் கல்லாவிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அது நீங்க லா. இப்ப எடுத்தது."

ருக்குமணி அக்காவின் கை நெற்றிக்குப் போனது. விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. வயிறு குளிர்ந்தது.

டேப்பை வெளியே எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை பாலாய்க்கு இதையும் கொண்டு வர்றேன் அண்ணே. எங்கம்மா மீனாட்சியையும் நானே கூட்டிட்டு வர்றேன்."