கப்பலை ஓட்டியவள்

விண்கலத்தின் கதவு மூடியபோது பக்கத்துச் சுவரும் சேர்ந்து ஆடியது.

"எட்டு எம்எம் ப்ளைவுட்டு," என்றார் மச்சான் சவுரிமுத்து. அக்காவின் கணவர், கீழ்க்கட்டளையில் மரக்கடை வைத்திருப்பவர். "மேல சில்வர் பெயின்ட்டு. பின்னால ஒருத்தன் நின்னு தள்ளிகினு இருக்கான் பாரு."

அவர் மகள் ஷெர்லி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டிவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு வயது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்த்துப் பார்த்து, தானும் விமானம் ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"பொம்பளப் புள்ளைக்கு எவன் ப்ளேன குடுப்பான்?" என்று போன வாரம் மச்சான் சிரித்தார்.

நான் குறுக்கே புகுந்தேன். நான் சின்னப் பையனாக இருந்தபோதே டிவியில் ஒரு பெண் விண்கலம் ஓட்டினாள், இப்போது கேபிளில் அதே தொடரை மறுபடியும் போடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டுகிறேன் என்றேன்.

அந்தத் தொடரை நான் பார்த்ததுபோலச் சொன்னது சரியல்ல. நான் பார்த்ததில்லை.

அப்போது தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடி ஆண்டெனாவுக்கு கிளாம்ப் கழன்றிருந்தது. யாராவது குழாயைப் பிடித்திருந்தால்தான் படம் நிற்கும். அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டார் எல்லாரும் கீழே உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் நான்தான் சின்னவன். அதனால் மேலே நான்.

"தெரியுதா?" என்று கத்துவேன்.

"தெரியுது! விட்டுடாத!" என்று அக்கா ஞானஜோதி கீழேயிருந்து கத்துவாள்.

எனக்குக் கிடைத்தது சத்தம் மட்டும். முடிந்ததும் இறங்கி வருவேன். அக்கா சோறு போட்டு முழுக் கதையையும் சொல்லுவாள்.

அப்படிச் சொன்னதுதான் இது. ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கி அங்கேயே இருந்துவிடு என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. கப்பலை ஓட்டுகிற பெண் ரேடியோவை அணைக்கிறாள். கப்பலைத் திருப்பிவிடுகிறாள்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம்," என்றாள்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் டிவி போடவில்லை.

இப்போது திரையில் 1997 என்று எழுத்து வந்தது. கதை நடக்கும் வருடம்.

"அடுத்த வருசமாம்டா!" மச்சான் தொடையில் தட்டினார். "இங்க மடிப்பாக்கத்துக்கே இன்னும் ஒழுங்கா ரோடு போடல."

பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். அதில் வரிசையாக பல்புகள் மட்டும். ஏதோ மோதியதும் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள்; மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் அசையவில்லை.

"இவ்ளோ பெரிய கப்பல்ல ஒரு சீட் பெல்ட்டு கீதா பாரு."

"மாமா, அவங்க எப்ப வருவாங்க?" என்றாள் ஷெர்லி.

"வருவாங்க."

பாதிக்கு மேல் ஆகியும் வரவில்லை. இது வேறு கதையோ என்று சந்தேகம் வந்தது. எதைச் சந்தேகப்பட்டாலும் கடைசியில் என் ஞாபகத்தைத்தான் சந்தேகப்படுவேன். சரிபார்க்கக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீளமாக மூன்று முறை அபாயச் சங்கு. பிறகு நிசப்தம். பிறகு குக்கர் விசில் போல ஒரு சத்தம், ஓர் ஆளின் அலறல்.

அதேதான். மாடியில் நின்று கேட்ட அதே கதைதான். கண்ணை மூடியிருந்தவரை கப்பல் இரும்பால் ஆனதாக இருந்தது, ஊர் அளவு பெரியதாக.

திறந்தேன். ப்ளைவுட்.

மாலைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு எனக்கு ஆங்கிலம் ஓரளவு புரிகிறது. எரிபொருள் கசிவதைப் பற்றித்தான் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். உத்தரவு எதுவும் வரவில்லை. யாரும் கப்பலைத் திருப்பவில்லை. அந்தக் கப்பலில் பெண்ணே இல்லை, காபி கொண்டுவந்து கொடுக்கக்கூட.

அக்கா தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள்.

பெயர்கள் ஓடத் தொடங்கின.

"எங்கடா மச்சான் உன் பைலட்டம்மா? இன்னிக்கு லீவா?"

ஷெர்லி என்னை ஒருமுறை பார்த்தாள். அழவில்லை. எழுந்து போய் அப்பாவின் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

சமையலறை வாசலில் அக்கா கரண்டியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று நான் கவனிக்கவில்லை.

"டேய் எட்மண்ட், மேல போய் ஆண்டெனாவ திருப்பு," என்றாள்.

"கேபிளுக்கு இன்னாத்துக்கு ஆண்டெனா?" என்றார் மச்சான்.

"நீங்க சும்மா இருங்க. நீ போடா."

போனேன். பழைய ஆண்டெனா ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதன் குழாயில் கொடிக்கயிறு கட்டி, ஷெர்லியின் யூனிஃபார்மைக் காயப்போட்டிருந்தார்கள். குழாயைப் பிடித்தேன்.

"தெரியுதா?"

கீழே டிவியின் சத்தம் நின்றது.

"தெரியுது! விட்டுடாத!"

அதன்பிறகு அக்காவின் குரல் தணிந்தது. "இங்க வா ஷெர்லி. அந்தக் கப்பல ஓட்டினது ஒரு பொண்ணு. கீழ இறங்கி அங்கயே இருந்துடுன்னு அவகிட்ட சொல்றாங்க..."

எனக்கு அவள் அந்தக் கதையைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், கீழ்க்கட்டளையிலிருந்து வந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். டிவி போடாததற்கு அதுதான் காரணம்.

"அப்புறம்?" என்று ஷெர்லி கேட்டது மாடிவரை வந்தது.

எனக்கும் தெரியாது. குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.