ஐம்பது அங்குல நட்பு

"சின்னதை வாங்காதே டெஸ். வாங்கினா நாளைக்கே வருத்தப்படுவே!"

சொல்லிவிட்டு, இரண்டு பிளாஸ்மா டிவிகளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார் கோலின். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரக் கடைத்தெருவில் இருந்த அந்தக் கடையில் முக்கால் மணி நேரமாக இதே வழக்குதான்.

டெஸ்மண்ட் பஸ் ஓட்டுகிறவர். கையில் இருந்தது தொள்ளாயிரம் டாலர். அதற்கு மேல் போனால், புது அடுப்புக்காக மனைவி லொரெய்ன் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில்தான் கை வைக்க வேண்டும். வைத்தால் அந்தக் கை மிஞ்சுமா என்பதே சந்தேகம்.

நாற்பத்திரண்டு அங்குலம் சரியாகத் தொள்ளாயிரம். ஐம்பது அங்குலம் ஆயிரத்து நூறு. மனுஷன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தே களைத்துப் போயிருந்தார்.

"சின்னதுல சவுண்டு பிரமாதமா இருக்கே, கோலின்?"

"சவுண்டா? ஃபுட்டி மேட்ச் பாக்கப் போறியா, கச்சேரி கேக்கப் போறியா? காதுக்குப் போய் யாராவது காசு செலவு பண்ணுவாங்களா!"

கடையில் டிவி விற்கும் ஷெரில் பொறுமையாகச் சிரித்தாள். "இவர் சொல்றதும் நியாயம்தான். பெரிய டிவியில கண்ணாடி பளபளன்னு இருக்காது. ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினாக்கூட வெளிச்சம் அடிக்காது."

"கேட்டுக்கோ! உன் ஹால்ல ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் சும்மாதானே கெடக்கு?"

அத்தோடு விட்டாரா? விடுவிடுவென்று நடந்து, ஃப்ரிட்ஜ் வரிசையைத் தாண்டி, கடையின் கடைசி மூலையில் ஓரமாகப் போய் நின்றார்.

"டெஸ்! இங்கேருந்து பார்த்தாலும் பெரியதுல பந்து தெரியுது! சின்னதுல ஆளே தெரியல!"

"அவ்வளவு தூரம் தள்ளி யாருப்பா உக்காரப் போறாங்க?"

"லொரெய்னோட தம்பிங்க வந்தா? நாலு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காருவாங்களே, அவங்களும் மனுஷங்கதானே?"

மச்சான்களைப் பற்றி இவருக்கு எதற்கு இவ்வளவு கரிசனம் என்று டெஸ்மண்டுக்குப் புரியவில்லை. ஆனாலும் ஆசை வந்துவிட்டது. வந்த ஆசையைப் பெருமூச்சாக வெளியே விட்டார்.

"இல்ல கோலின். இருநூறு டாலர் துண்டு விழுது. லொரெய்ன் என்னைக் கொன்னுடுவா. சின்னதையே கட்டச் சொல்லு."

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கோலின் பர்ஸை எடுத்தார்.

கோலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். பப்பில் எல்லாருக்கும் பீர் வாங்கித் தரும் முறை தனக்கு வரும்போது, சரியாகக் கழிப்பறைக்குக் கிளம்பிவிடுகிறவர். இருபது வருடம் அடுத்த வீட்டில் இருந்தும் டெஸ்மண்ட் அந்தப் பர்ஸின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை. ஐம்பது டாலர் நோட்டுகள் நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கோலின் ஊதிப் பிரித்து நீட்டினார்.

"புடி."

"கடனா?"

"கடன்னு யாரு சொன்னா? வச்சுக்கோப்பா. நீ நல்லதாப் பாக்கணும், அவ்வளவுதான்."

டெஸ்மண்ட் நோட்டுகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊரெல்லாம் கஞ்சன் என்று சொன்னபோது தானும் சேர்ந்து சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. ஷெரில்கூட இளகிப்போய், மாட்டும் சட்டத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை கோலினே துளை போடும் மிஷினோடு வந்து, டிவியைச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். ஒரு விரற்கடை இடது பக்கம், அரை விரற்கடை மேலே என்று அவர் பார்த்த பார்வையில் டாக்டர்கள் தோற்றார்கள். அடுப்புப் பணம் தப்பித்த சந்தோஷத்தில் லொரெய்ன் தேநீரும் தேங்காய்ப்பூ தூவிய கேக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

"மத்தியானம் ஆட்டத்துக்கு நீயும் நோரீனும் வந்துடுங்க. இது உன் டிவி மாதிரி" என்றார் டெஸ்மண்ட்.

"எதுக்கு? உங்க குடும்பம் சந்தோஷமா பாக்கட்டும். அது போதும் எனக்கு."

"என்ன மனசு உனக்கு, கோலின்!" என்று லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோலின் திரும்பி வந்ததும், தன் வீட்டு வாசலிலேயே மனைவி நோரீன் பிடித்துக்கொண்டாள்.

"இருநூறு டாலரா? கோலின், உனக்குப் பைத்தியமா? நம்ம டிவி புகைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கு ஒரு காசு எடுக்கல. அடுத்த வீட்டுக்கு அள்ளிக் குடுத்துட்டு வர்றே! சரி, கூப்பிட்டாங்களே, அங்கயாவது போய்ப் பாக்கலாமில்ல?"

"வெறுங்கையோட போக முடியுமா? வாராவாரம் பீர்ப் பெட்டி தூக்கிட்டுப் போகணும். ஒரு தடவைக்கு நாப்பது டாலர். சீசன் முழுக்கக் கணக்குப் போட்டுப் பாரு."

கோலின் ரேடியோவைத் திருகி, மத்தியான ஃபுட்டி வர்ணனை வரும் நிலையத்தில் வைத்தார். ஜன்னல் திரையை விலக்கினார். வேலிக்கு அந்தப் பக்கம், டெஸ்மண்டின் ஹால் ஜன்னலுக்குள் ஐம்பது அங்குலமும் முழுசாகத் தெரிந்தது.

"பேசிக்கிட்டே நிக்காம சோபாவோட அந்த முனையைப் புடி. வேலிப் பக்கம் திருப்பணும்."