ஒரு மானுக்கு ஒரு ஜோடி பிளேடு

நார்பர்ட் லெம்கே கராஜ் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்வார். அம்பு முனையை இடுக்கியில் பிடித்து, பொடி ஸ்க்ரூவைக் கழற்றி, மழுங்கிப்போன இரண்டு பிளேடுகளையும் உருவி ஒரு காபி டப்பாவில் போடுவார். புதுசை மாட்டி, அவை மடங்கியே இருக்க ஒரு ரப்பர் வளையம் போடுவார். அம்பு பாய்ந்ததும் வளையம் அறுந்து பிளேடுகள் இறக்கை மாதிரி விரியும். ஒரு தடவை விரிந்து அடிபட்டால் அவ்வளவுதான், பழைய கூர்மை வராது.

இந்த வித்தையில் மனுஷன் கரைகண்டவர். விஸ்கான்சினில் அந்த வட்டாரத்து வில்வேட்டைக்காரர் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடமாக அவர்தான் தலைவர். செப்டம்பர் வந்தால் புதிதாக வில் பிடிப்பவர்களை வரிசையாக உட்காரவைத்து வகுப்பெடுப்பார். எலும்பில் பட்ட பிளேடை நம்பாதே, ஒரு மானுக்கு ஒரு ஜோடி, அடித்தாயா, உடனே மாற்று என்பார். ஊரே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

அடித்த மானை அரசாங்கத்திடம் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் தலைவர் மட்டும் ஒரு மானையும் பதிவு செய்து யாரும் பார்த்ததில்லை. கேட்டால், பத்துக் கிளைக்குக் குறைந்த கொம்பை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று பீரை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிடுவார். பாரில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வார்கள். ஆள் சத்தமில்லாமல் அடித்துத் தள்ளுகிறார், கணக்குக் காட்டுவதில்லை என்று அர்த்தம். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழும். ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்த நவம்பர் சனிக்கிழமை காலை அவர் டப்பாவும் கையுமாக இருந்தபோது வாசலில் வனத்துறை வண்டி வந்து நின்றது. வேட்டைக் கண்காணிப்பு அதிகாரி கெய்லா ஷுல்ட்ஸ். பன்னிரண்டு வயதில் இவரிடமே வகுப்புக்கு வந்தவள், இப்போது இடுப்பில் துப்பாக்கி தொங்குகிறது. நார்பர்ட் டப்பாவின்மேல் கந்தல் துணியை இழுத்துப் போடுவதற்குள், மனைவி மார்லிஸ் பக்கக் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டுவிட்டாள்.

கெய்லா சுற்றி வளைக்கவில்லை. இந்த ஒரு பருவத்தில் மட்டும் அவர் பதினோரு பாக்கெட் பிளேடு வாங்கியிருப்பதைக் கடையில் விசாரித்துவிட்டே வந்திருந்தாள். பதிவேட்டிலோ அவர் பெயரில் ஒரு மான்கூட இல்லை. துணியை எடுத்துவிட்டு டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். நாற்பது பிளேடாவது இருக்கும். வாய் மழுங்கி, நுனி ஒடிந்து, சிலது வளைந்தே போயிருந்தது.

"ஒரு மானுக்கு ஒரு ஜோடின்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, மிஸ்டர் லெம்கே? அப்ப இருபது மான் ஆச்சு. எல்லாம் எங்க?"

பழைய பிளேடு, பல வருஷத்துச் சேர்ப்பு என்று நார்பர்ட் ஏதோ முனகினார்.

அப்படியானால் கவலையே வேண்டாம் என்றாள் கெய்லா. துறையின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், எந்தப் பிளேடில் எத்தனை மானின் ரத்தம் ஒட்டியிருக்கிறது என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவார்கள். அந்த அறிக்கையைக் கோர்ட்டில் சத்தமாகப் படிப்பார்கள்.

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சனியன் பிடித்த டப்பாவை நேற்றே குப்பையில் கொட்டாமல் விட்டோமே என்று தன்னைத்தானே சபித்துக்கொண்டார். சங்கம், பார், தேவாலயத்து மீன் விருந்து, எல்லா இடத்திலும் தன்னைப் பார்க்கப்போகும் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

"நானே ஒத்துக்கிட்டா?"

"ஒத்துக்கிட்டா லேபுக்கு எதுக்கு அனுப்பணும்? அபராதம் கட்டணும், வில்லை ஒப்படைக்கணும், மூணு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது. அதோட முடிஞ்சுது."

நார்பர்ட் பேனா கேட்டார்.

கெய்லாவுக்கே சங்கடமாகிவிட்டது. என்ன இருந்தாலும் வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இருபதெல்லாம் வேண்டாம், நாலு மான் என்று எழுதிக்கொள்கிறேன் என்றாள். அவர் கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"ஏழுன்னு போடு," என்றார். "அதுல ரெண்டு பத்துக் கிளைக் கொம்பு."

அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது. இவ்வளவு யோக்கியமான திருடனை அவள் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. இறைச்சியை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, சிநேகிதர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதையும் மரியாதையோடு எழுதிக்கொண்டாள். கையெழுத்து வாங்கி, வில்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. வரிசையாக போன் வந்தது. ஒருவன்கூடத் திட்டவில்லை. அந்தப் பத்துக் கிளையை எந்த ஓடைப் பக்கம் மடக்கினீர்கள் என்று இரண்டு பேர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். சங்கத்து உபதலைவர், உயிருள்ளவரை நீங்கள்தான் எங்கள் தலைவர் என்று தழுதழுத்தார்.

மார்லிஸ் இடுப்பில் கைவைத்து அவர் எதிரே வந்து நின்றாள்.

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சுப்போச்சா நார்பி? லேபுக்குப் போனாப் போகட்டும்னு விட வேண்டியதுதானே?"

"போயிருந்தா இந்த ஊர்ல நான் தலைகாட்ட முடியுமாடி?" என்றார் நார்பர்ட், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

அந்த நாற்பது பிளேடுகளையும் எந்த ஆய்வுக்கூடம் சுரண்டிப் பார்த்திருந்தாலும் மேப்பிள் மரப்பட்டையும் கல்துகளும்தான் கிடைத்திருக்கும். இருபத்திரண்டு வருட வேட்டையில் அவர் அம்பு பட்டு ஒரு மானுக்குக் கீறல்கூட விழுந்ததில்லை.